ஒரே ஜாவா, ஒரே ஓஎம்ஆர்: எனக்கு 9 லட்சம், அவனுக்கு 31. எப்படி?

மேடவாக்கம்_கூட்ரோடு | சனி, இரவு 10.40

வீட்டுக் கடன் விசாரிக்க நானும் என் கல்லூரி நண்பனும் இன்று காலை ஒரே வங்கிக்குப் போனோம். பெரும்பாக்கம் பக்கம் ஒரே அடுக்ககத்தில் எதிரெதிர் வீடு வாங்க வேண்டும் என்பது விடுதி நாட்களிலிருந்தே பேச்சு. அதிகாரி இருவரின் சம்பளச் சீட்டையும் வாங்கி, கால்குலேட்டரில் தட்டினார். எனக்கு 38 லட்சம் வரை கிடைக்குமாம். அவனுக்கு 95 லட்சம். அதுவரை எங்களுக்குள் சம்பளப் பேச்சே எழுந்ததில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன். சிடிசி (கம்பெனி கணக்கில் வருடத்துக்கு மொத்தச் சம்பளம்) 31 லட்சம் என்றான். என்னுடையது 9.

இருவரும் 2019 பேட்ச். ஒரே வகுப்பு, கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். இருவருக்கும் ஜாவா, ஸ்பிரிங் பூட், காஃப்கா, போஸ்ட்கிரெஸ் என்று ஒரே மென்பொருள் கருவிகள். நான் சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனி, அதாவது வெளிக் கிளையன்ட்டுகளுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் இடம். அவன் தரமணியில், ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் சென்னை மையம். அவன் வேலை எனக்கு நன்றாகத் தெரியும்: ஒரு படிவத்திலிருந்து தகவல் வரும், சரிபார்க்க வேண்டும், டேட்டாபேஸில் எழுத வேண்டும், அடுத்த சர்வீஸுக்குத் தள்ள வேண்டும். நானும் அதையேதான் செய்கிறேன். போன மாதம் அவன் மாட்டிக்கொண்ட ஒரு டெட்லாக்கை (டேட்டாபேஸில் இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் சிக்கல்) நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

பொறாமை இல்லை என்றால் பொய். ஆனாலும் கேள்வி நிஜமானது. ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) என்ற ஒரே ஐடி ரோட்டின் இரண்டு முனையில், ஒரே வேலைக்கு விலை எப்படி மூன்றரை மடங்கு மாறும்? தயவுசெய்து “ஸ்கில்” என்று ஒரே சொல்லில் பதில் போடாதீர்கள்.

நள்ளிரவு_டிப்ளாய் | சனி, இரவு 10.43

ஸ்கில்.

மேடவாக்கம்_கூட்ரோடு | சனி, இரவு 10.44

நன்றி. அடுத்த டெட்லாக்கை உங்களுக்கே அனுப்பச் சொல்கிறேன்.

பழைய_பெருச்சாளி | சனி, இரவு 11.20

தம்பி, டைடல் பார்க் திறந்த 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த ரோட்டில் இருக்கிறேன். இப்போது டெலிவரியில், அதாவது கிளையன்ட் ப்ராஜெக்டுகளை நடத்திக் கொடுக்கும் பிரிவில். உன் 9 லட்சம் எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த எக்செல் தாளைப் போடுகிறவன் நான்தான்.

கிளையன்ட்டுக்குப் போகும் பில்லில் நீ ஒரு வரி. “ஜாவா டெவலப்பர், ஆஃப்ஷோர், மணிக்கு இத்தனை டாலர்.” 25 டாலர் என்று வைத்துக்கொள். மாதம் 160 மணி நேரம், 4,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வருடத்துக்கு 40 லட்சம். இது நான் கற்பனையாகப் போட்ட ரேட்தான், ஆனால் ரொம்ப விலகியது இல்லை. டிசிஎஸ் கணக்கைப் பார்: 2023-24இல் வருமானம் சுமார் 2.4 லட்சம் கோடி ரூபாய், ஆட்கள் சுமார் 6 லட்சம். வகுத்தால் தலைக்கு அதே 40 லட்சம். அமெரிக்காவில் டாலர் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்தச் சராசரியில் சேர்த்தி.

“40 லட்சம் வாங்கிக்கொண்டு எனக்கு 9 கொடுக்கிறார்களா” என்று கொதிக்காதே. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு பில் கிடையாது, சம்பளம் உண்டு. ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், ப்ரீசேல்ஸ், ஷட்டில் பஸ், கட்டடம், லைசென்ஸ், எல்லாம் உன் வரியிலிருந்துதான் போகிறது. மீதியில் லாபம், பெரிய கம்பெனிகளில் அது வருமானத்தில் கால் பங்கை ஒட்டி நிற்கும். பங்குச் சந்தை அந்த எண்ணை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

முக்கியமான விஷயம் இனிதான். கிளையன்ட்டிடம் ரேட் கார்டில் கையெழுத்து ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு அது நகராது. சில ஒப்பந்தங்களில் வருடா வருடம் குறையக்கூடச் செய்யும். அப்போது என் ப்ராஜெக்டில் லாபம் ஏற ஒரே வழி, 9 லட்சம் வாங்கும் உன் இடத்தில் 4 லட்சம் வாங்கும் பையனை உட்கார வைப்பது. இதற்குப் பெயர் பிரமிட். அடியில் ஃப்ரெஷர் கூட்டம் அகலமாக இருக்க வேண்டும், மேலே ஒல்லியாக இருக்க வேண்டும். உனக்கு ஆறு வருட அனுபவம் ஆகும்போது பிரமிடில் நீ ஒரு பிரச்சினை ஆகிவிடுகிறாய்.

உன் நண்பன் கம்பெனியில் விற்பனைச் சரக்கு மென்பொருள். எங்களிடம் விற்பனைச் சரக்கே நீதான். சரக்கின் கொள்முதல் விலையை எந்த வியாபாரி ஏற்றுவான்?

மேடவாக்கம்_கூட்ரோடு | சனி, இரவு 11.31

இவ்வளவு வெளிப்படையாக என் மேனேஜர் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. ஒரு சந்தேகம், சார். ஒரே ரேட் கார்டில் இருக்கும் நல்ல டெவலப்பரும் சுமாரான டெவலப்பரும் கிளையன்ட்டுக்கு ஒரே விலையா?

பழைய_பெருச்சாளி | சனி, இரவு 11.36

ஒரே விலை. நீ பத்து நாள் வேலையை ஆறு நாளில் முடித்தால் மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் எனக்கு நான்கு நாள் பில் போச்சு. (ஃபிக்ஸட் பிரைஸ் என்றால் கதை வேறு, அங்கே உன்னைத் தோளில் தூக்கிக்கொள்வேன்.) நல்லவனுக்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் உண்டு. கொடுத்தால் அதை எந்த வரியிலிருந்து எடுப்பது என்பதுதான் தெரியாது.

தரமணி_டோக்கன் | ஞாயிறு, காலை 7.15

நான் உங்கள் நண்பரைப் போன்ற ஒரு மையத்தில் இருக்கிறேன். வங்கியுடையது. எங்களைப் பார்த்து “ப்ராடக்ட் கம்பெனி” என்கிறார்கள், உண்மையில் நாங்கள் யாருக்கும் எதையும் விற்பதில்லை. தாய் நிறுவனத்துக்கு மட்டும் வேலை. செலவு எவ்வளவோ, அதன் மேல் குறிப்பிட்ட விழுக்காடு சேர்த்துத் தாய் நிறுவனம் எங்களுக்குக் கொடுத்துவிடும். வரித் துறையின் பரிமாற்ற விலை விதிகளுக்காக அப்படி ஓர் ஏற்பாடு.

இதனால் ஒரு வினோதம் நடக்கிறது. பெருச்சாளி சார் தன் ப்ராஜெக்டில் 9 லட்சக்காரனை 4 லட்சக்காரனாக மாற்றினால் அவருக்கு லாபம். எங்கள் மேனேஜருக்கு அதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை. அவருக்கு ஒதுக்கியது ஆள் எண்ணிக்கை: “இந்த வருடம் உனக்கு 14 பேர்.” பதினான்கு பேர்தான் என்றால் யாராக இருந்தாலும் சிக்கனமாக ஆள் எடுக்க மாட்டார், இருப்பதில் சிறந்தவரைத் தேடுவார். அதே பணத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் என்று சொல்லியிருந்தால் அவரும் பிரமிட்தான் கட்டியிருப்பார்.

இரண்டாவது, ஒப்பீடு. உங்கள் கம்பெனியில் உங்கள் சம்பளத்தைப் பக்கத்து சீட்டோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே நியூயார்க்கில் இருக்கும் ஒருவரோடு ஒப்பிடுகிறார்கள். அங்கே ஒன்றரை லட்சம் டாலர் என்றால் இங்கே 31 லட்சம் ரூபாய் அவர்கள் கண்ணுக்கு மலிவு. இடைத்தரகர் லாபமும் கிடையாது.

ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001இலேயே சென்னையில் தன் சேவை மையத்தைத் தொடங்கிவிட்டது. உலக வங்கிக்குத் தரமணியில் அலுவலகம் இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியது 2022இல், ஆனால் சோழிங்கநல்லூரில் அதன் மென்பொருள், கணக்கு வேலைகள் நடக்கும் மையம் ஆயிரக்கணக்கானோருடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் இல்லாமல் கார் கம்பெனி வேலை. 2024 கணக்கில் நாடு முழுக்க இப்படி 1,700க்கும் மேற்பட்ட மையங்கள், சுமார் 19 லட்சம் பேர்.

ஆனால் எல்லா மையமும் தங்கம் இல்லை. சில மையங்கள் சர்வீஸ் கம்பெனியை விடக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். தாய் நிறுவனம் தன் தொழிலையே மென்பொருளில் நடத்துகிறதா, அல்லது மென்பொருளை மின்சாரக் கட்டணம் மாதிரி ஒரு செலவாகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, காலை 9.05

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் ஓஎம்ஆர்வாசி. அதனால் இரண்டு பக்கமும் காது கொடுத்துப் பழக்கம்.

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் “கம்பெனியிடம் பணம் இருக்கிறது, அதனால் கொடுக்கிறது” என்ற திசையில் போகின்றன. பாதி உண்மை. ஆல்ஃபபெட், அதாவது கூகுளின் தாய் நிறுவனம், 2024இல் ஈட்டியது சுமார் 35,000 கோடி டாலர். ஊழியர்கள் சுமார் 1.83 லட்சம். தலைக்கு 19 லட்சம் டாலர், நம் பணத்தில் 16 கோடி ரூபாய். பெருச்சாளி சாருடைய 40 லட்சத்தோடு ஒப்பிட்டால் 40 மடங்கு. கூகுளின் இந்திய ஊழியர் சிறுசேரி ஊழியரைப் போல 40 மடங்கு வாங்குகிறாரா? இல்லை. தலைக்கு இத்தனை வருமானம் என்பது சம்பளம் எவ்வளவு உயரம் போக முடியும் என்ற கூரையை மட்டும் காட்டுகிறது. கூரை உயரமாக இருப்பதால் யாரும் ஏணி போட்டு ஏறிவிடுவதில்லை. தள்ளிவிட ஆள் வேண்டும்.

தள்ளுவது பயம். இந்த ஆளை இன்னொரு கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் கூகுள், ஆப்பிள், இன்டெல், அடோபி போன்ற நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ரகசிய உடன்பாடு: உன் ஆட்களுக்கு நான் போன் போட மாட்டேன், என் ஆட்களுக்கு நீ போடாதே. 2010இல் அமெரிக்க நீதித் துறை தலையிட்டு நிறுத்தியது. ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன, 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. உலகத்திலேயே பணம் கொழிக்கும் கம்பெனிகள். அவர்களும் முடிந்தால் போட்டியை அணைத்துவிடத்தான் பார்த்தார்கள். தாராள மனம் என்று எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, ஃபோர்டு பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1913இல் ஹென்றி ஃபோர்டின் டெட்ராய்ட் ஆலையில் ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்தார்கள். அந்த வருட விலகல் விகிதம் 370 விழுக்காடு. அதாவது ஒரு இடத்துக்கு வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர். 1914 ஜனவரியில் நாள் கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்தார். பக்கத்து ஆலை கொடுப்பதை விட அது மிக அதிகம். ஆட்கள் நின்றார்கள், பயிற்சிச் செலவு மிச்சமானது. ஆள் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் ப்ராஜெக்டில் நீங்கள் போனால் இரண்டு வாரம் வேலையை விளக்கிக் கொடுத்ததும் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார், வேலையே அப்படி நறுக்கப்பட்டிருக்கிறது. நண்பர் போனால் ஒரு சர்வீஸ் ஆறு மாதம் தள்ளாடலாம்.

கடைசியாக ஒன்று. 31ஐ 9ஆல் வகுத்தால் மூன்றரை. 95ஐ 38ஆல் வகுத்தால் இரண்டரை. வங்கி அதிகாரிக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது. அந்த 31 லட்சத்தைப் பிரித்துப் போடுங்கள், பார்க்கலாம்.

நள்ளிரவு_டிப்ளாய் | ஞாயிறு, காலை 9.20

டீச்சர், உங்கள் வகுப்பில் அட்டென்டன்ஸ் எவ்வளவு?

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, காலை 9.26

இரண்டாவது பீரியட் நன்றாக இருக்கும். மதியம் கேட்காதீர்கள்.

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, பகல் 12.10

நண்பனிடம் கேட்டேன், திட்டாமல் அனுப்பிவிட்டான். நிரந்தரச் சம்பளம் 23.4 லட்சம், பிஎஃப்பில் கம்பெனி பங்கும் கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே. வேரியபிள் 2.6 லட்சம். கம்பெனிப் பங்கு வருடத்துக்கு 5 லட்சம், அதாவது 20 லட்சத்துக்கான பங்கை நான்கு வருடமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கையில் மாதம் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டு சொச்சம்.

பங்கும் போனஸும் கணக்கில் வராது என்று அதிகாரி சொன்னது இப்போதுதான் உறைக்கிறது.

நாவலூர்_நெய்தோசை | ஞாயிறு, பகல் 12.45

அந்தப் பங்கு அமெரிக்கச் சந்தையில் விற்பனையாகும் பங்கு என்றால் பணம் மாதிரிதான். கைக்கு வரும் அன்றே அதன் மதிப்பைச் சம்பளமாகக் கருதி வரி பிடித்துவிடுவார்கள். அப்புறம் விலை இறங்கினாலும் கட்டிய வரி கட்டியதுதான்.

பட்டியலிடாத ஸ்டார்ட்அப் கொடுக்கும் பங்கு என்றால் அது நம்பிக்கைச் சீட்டு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் ஏறியபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனது சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தியை நம்பி 2021 டிசம்பரில் 6 லட்சம் குறைவான சம்பளத்துக்கு ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். 12,000 பங்கு கொடுத்தார்கள். கம்பெனி மூடி இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், மனைவி கேட்டால் காட்டுவதற்கு.

எனவே கம்பெனிகளை ஒப்பிடும்போது நிரந்தரத்தை நிரந்தரத்தோடு ஒப்பிடுங்கள். இதில் 23.4க்கு 8 சொச்சம். இன்னும் பெரிய இடைவெளிதான், ஆனால் 31 என்ற எண் கொடுக்கும் அடிவயிற்று எரிச்சல் கொஞ்சம் குறையும். அப்புறம், 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி மொத்த ஊதியத்தில் பாதியாவது ‘சம்பளம்’ என்ற கணக்கில் வர வேண்டும். இதுவரை அடிப்படைச் சம்பளத்தை இடுக்கி வைத்து அலவன்ஸால் நிரப்பிய இடங்களில் பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கு மாறும். ஆஃபர் லெட்டரில் கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள்.

ரெண்டாவது_இன்னிங்ஸ் | ஞாயிறு, பகல் 3.30

எல்லோரும் கம்பெனிக்குக் கம்பெனி என்று பேசுகிறீர்கள். ஒரே கம்பெனியில், ஒரே டீமில், ஒரே பதவியில் இரண்டு மடங்கு வித்தியாசத்தை நான் பக்கத்து நாற்காலியில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினேன். நான்கு சுற்று நேர்முகம், நான்கிலும் நல்ல மதிப்பீடு. கடைசியில் எச்ஆர் கேட்டது ஒரே கேள்வி: “லாஸ்ட் சிடிசி எவ்வளவு?” ஏழரை என்றேன். “30 விழுக்காடு மேல் பாலிசியில் இல்லை, அதுவும் உங்களுக்கு கேப் இருக்கிறது” என்று 9 கொடுத்தார்கள். அதே வாரம் சேர்ந்த பையன் வேறு இடத்தில் 14 வாங்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு 18. நான் எழுதிய ப்ரோகிராமை அவன் ரிவ்யூ செய்யவில்லை, அவன் எழுதியதைத்தான் நான் ரிவ்யூ செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் 3.6 லட்சத்தில் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் 7இல். இருவருக்கும் மூன்று முறை 35 விழுக்காடு உயர்வு. முதலாமவர் 8.86இல் நிற்பார், இரண்டாமவர் 17.2இல். ஆறு வருடம் என்ன கற்றார்கள், என்ன கட்டினார்கள் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. இருபத்தொரு வயதில் எந்தக் கம்பெனி முதலில் வளாகத்துக்கு வந்தது என்பதுதான் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தை வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது என்று சட்டம். 2023 முதல், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். இங்கே மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, முடிந்தால் பிஎஃப் பாஸ்புக் வரை கேட்கிறார்கள்.

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, பகல் 3.52

மேடம், அந்த 3.6, 35, 35, 35 என் வாழ்க்கை. ஒன்று ப்ரமோஷன், ஒன்று 2022இல் ஆள் போகாமல் இருக்கக் கொடுத்த உயர்வு, ஒன்று கம்பெனி மாற்றம்.

பழைய_பெருச்சாளி | ஞாயிறு, மாலை 4.40

அந்த 3.6 பற்றி ஒரு வார்த்தை. 2008இல் என் தங்கை மகன் 3 லட்சத்துச் சொச்சத்தில் சேர்ந்தான். போன வருடம் அவன் அத்தை மகன் சேர்ந்தது 3.6இல். இடையில் ஹோட்டல் இட்லி விலை எத்தனை முறை ஏறியது! ஃப்ரெஷர் சம்பளம் மட்டும் அசையாததற்குக் காரணம் நாங்கள் கூட்டுச் சதி செய்ததாகச் சொல்வார்கள். சதியே தேவையில்லை. 1984இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள். வாசலில் வரிசை இவ்வளவு நீளமாக இருந்தால் எந்தக் கடைக்காரனும் கூவி அழைக்க மாட்டான்.

அதிலும் இப்போது வாசல்கள் பிரிந்துவிட்டன. டிசிஎஸ்ஸிலேயே நின்ஜா, டிஜிட்டல், பிரைம். நின்ஜாவுக்கு ஏறத்தாழ மூன்றரை, டிஜிட்டலுக்கு ஏறத்தாழ ஏழு. ஒரே தேர்வு நாளில் ஒரு கோடிங் சுற்று தாண்டியதற்கு இரட்டிப்பு. ரெண்டாவது இன்னிங்ஸ் மேடத்தின் கணக்கு அங்கேயே தொடங்குகிறது.

குரோம்பேட்டை_பிரிட்ஜ் | ஞாயிறு, மாலை 6.05

ஊரை யாரும் தொடவில்லையே. என் கம்பெனியில் ஒரே பதவிக்கு பெங்களூருக்கு ஒரு வரம்பு, சென்னைக்கு அதைவிடக் கீழே ஒரு வரம்பு. கேட்டால் “இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு” என்கிறார்கள். வருமான வரியில் பழைய முறைப்படி வீட்டு வாடகைப் படிக்குச் சென்னையை மெட்ரோ என்று 50 விழுக்காட்டிலும், பெங்களூரை 40இலும் பல்லாண்டுகளாக வைத்திருந்தது அரசு. எச்ஆர் மட்டும் நம்மைக் கிராமமாக நடத்துகிறார்.

தரமணி_டோக்கன் | ஞாயிறு, மாலை 6.22

வாழ்க்கைச் செலவு என்பது சாக்கு. அப்படிப் பார்த்தால் தாம்பரத்தில் இருப்பவரை விட அடையாறில் இருப்பவருக்கு அதிகம் கொடுக்க வேண்டும். 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ அளவில்தான் சம்பளம் என்று வைத்திருக்கிறது. கிட்லாப் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் ஊருக்கு ஏற்ப மாற்றுகிறது, ஆனால் மாற்றும் விதத்தை வெளிப்படையாகப் போட்டது. இரண்டும் ஓடுகின்றன.

உண்மையான காரணம் வேறு. பெங்களூரில் ஒருவர் வேலையை விட்டால் அதே ரோட்டில் ஐந்து கம்பெனி எடுத்துக்கொள்ளும். இங்கே அந்த அளவுக்கு ஆள் பிடிக்கும் ப்ராடக்ட் கம்பெனிகள் இல்லை. ஜோஹோ மாதிரி பெரிய நிறுவனம் இருக்கிறது, ஆனால் அது தனி வழி. 2004இலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தானே பயிற்றுவிக்கிறது, தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டது, சந்தையில் பட்டியலிடவும் இல்லை. அடுத்த கம்பெனியோடு ஏலம் போடும் ஆட்டத்துக்கே அது வரவில்லை.

குரோம்பேட்டை_பிரிட்ஜ் | ஞாயிறு, மாலை 6.40

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான் போக மாட்டேன். பெங்களூர் ஆஃபர் இரண்டு முறை வந்தது, 40 விழுக்காடு கூடுதல். சொந்த வீடு, அப்பா, அம்மா, பையனின் பள்ளிக்கூடம், காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். மறுத்துவிட்டேன். என் மேனேஜருக்கு அது தெரியும். அப்ரைசலில் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பிலேயே தெரியும்.

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.58

அம்மா கை சாம்பார் தள்ளுபடி. பாடப் புத்தகத்தில் வேறு பெயர்.

நாவலூர்_நெய்தோசை | ஞாயிறு, இரவு 8.10

யாரும் கேட்காத கேள்வி ஒன்று. உங்கள் நண்பர் அங்கே சேர்ந்தது எந்த மாதம்?

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, இரவு 8.31

ஆஃபர் 2022 பிப்ரவரி. மே மாதம் சேர்ந்தான்.

நாவலூர்_நெய்தோசை | ஞாயிறு, இரவு 8.50

அதுதான். அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்த காலத்தின் கடைசி மாதங்கள். பணம் மலிவு, கொரோனாவால் எல்லாமே ஆன்லைன், எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடினார்கள். இன்ஃபோசிஸ் விலகல் விகிதம் 2022 ஜூன் காலாண்டில் 28.4 விழுக்காடு. டிசிஎஸ் மாதிரி ஆள் நிலைக்கும் இடத்திலேயே அந்த செப்டம்பரில் 21.5. நோட்டீஸ் காலத்தில் இருப்பவர் கையில் நான்கு ஆஃபர். 30 விழுக்காடு பாலிசி எல்லாம் அப்போது எச்ஆர் டிராயருக்குள் போய்விட்டது. 100, 150 விழுக்காடு உயர்வு சாதாரணம். 2023 ஜூலையில் அமெரிக்க வட்டி 5.25-5.5க்கு ஏறியபோது அந்தச் சந்தை மூடிவிட்டது. மூடுவதற்கு முன் உள்ளே போனவர்களுக்கு அந்தச் சம்பளம் நிலைத்துவிட்டது, ஏனென்றால் சம்பளத்தை யாரும் சுலபத்தில் குறைப்பதில்லை. ஆளைத்தான் குறைப்பார்கள்.

இதே நண்பர் இன்று புதிதாகப் போனால் அந்தப் பதவிக்கு 31 கொடுப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, இரவு 9.15

இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். 2022 பிப்ரவரியில் அவன் என் பயோடேட்டாவையும் சேர்த்துத்தான் கொடுத்தான். முதல் இரண்டு சுற்று முடிந்தது. அந்த வாரம் அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். என் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோர் இருந்தார்கள். மாறினால் நடுவில் எத்தனை நாள் காப்பீடு இல்லாமல் இருக்கும் என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது சுற்று பேசவும் மனம் இல்லை. வேண்டாம் என்று மெயில் போட்டுவிட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார். இந்த இழையை ஆரம்பித்தபோது அந்த மெயிலை மறந்தே போயிருந்தேன், அல்லது மறந்த மாதிரி இருந்தேன்.

நள்ளிரவு_டிப்ளாய் | ஞாயிறு, இரவு 9.22

ஸ்கில் என்று போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் நண்பா.

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, இரவு 9.40

பரவாயில்லை. இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. கிண்டியில் ஒரு மையத்தில் நேர்முகம் கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை காலை 11 மணி. விண்ணப்பப் படிவத்தில் “தற்போதைய சிடிசி” கட்டாயப் பெட்டி. 9 என்று போட்டால் 12இல் முடித்துவிடுவார்கள். என்ன செய்வது?

ரெண்டாவது_இன்னிங்ஸ் | ஞாயிறு, இரவு 9.58

பொய் எண் போடாதீர்கள், சம்பளச் சீட்டு கேட்கும்போது மாட்டுவீர்கள். 9 என்றே போடுங்கள். எதிர்பார்ப்புப் பெட்டியில் 20 போடுங்கள், விழுக்காடாக எழுதாதீர்கள். எச்ஆர் போன் செய்து “120 விழுக்காடு கேட்கிறீர்களே” என்பார். “இந்தப் பதவிக்கு உங்கள் வரம்பு என்ன?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் கொடுமையாக இருக்கும். நான் இரண்டாவது முறை மாறும்போது பதினைந்து விநாடி தாங்கினேன், அவர்தான் முதலில் பேசினார். 17இல் முடிந்தது. கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை, அதனால் வியாழனுக்கு முன் வேறு இரண்டு இடத்திலும் விண்ணப்பித்து வையுங்கள்.

தரமணி_டோக்கன் | ஞாயிறு, இரவு 10.05

90 நாள் நோட்டீஸ் என்றால் பைஅவுட் (சீக்கிரம் விலக உங்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம்) அவர்கள் தருவார்களா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். காப்பீட்டில் பெற்றோர் உண்டா, சேர்ந்த நாளிலிருந்தே உண்டா என்பதையும்.

மேடவாக்கம்_கூட்ரோடு | ஞாயிறு, இரவு 10.12

குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமைக்குப் பல் வலி என்று லீவு போட்டாயிற்று.

பழைய_பெருச்சாளி | ஞாயிறு, இரவு 10.20

என் டீமிலும் வியாழக்கிழமை ஒரு பல் வலி வந்திருக்கிறது. தம்பி, சிறுசேரியில் எந்த பில்டிங்?